மரேக் திருப்பி அனுப்பிய நிரல்

மரேக் என்ற மனிதரை நான் கண்டதில்லை. ஆனாலும் ஒரு மாரிகாலம் முழுக்க அவரைத் திட்டித் தீர்த்திருக்கிறேன்.

எனக்கு மூத்த சகோதரியான ராத்தாவையும் அவர் கைக்குழந்தையையும் சுனாமி கொண்டுபோனது. அலை வருகிறது என்று சொல்ல அன்று கல்முனைக் கரையில் யாருமில்லை. அதனால்தான் கணினி வகுப்பு நடத்தும் நான், எச்சரிக்கைக் குறுஞ்செய்தி வந்ததும் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் சைரன் ஊதும் பெட்டியொன்றைச் செய்தேன். உலகெங்குமுள்ளவர்கள் சேர்ந்து எழுதும் லினக்ஸ் இயங்குதளத்தில் ஓடும் சின்னக் கணினி அது. இடையிடையே அசையாமல் நின்றுவிடும். நின்றால் உலுப்பி எழுப்ப அதற்குள்ளேயே ஒரு காவல் சில்லு இருந்தது. அந்தச் சில்லை ஏவுவதற்குத்தான் கணினியைத் தயாரித்த கம்பனியின் தனி மென்பொருள் வேண்டியிருந்தது.

கம்பனியின் முறையையே லினக்ஸின் மையமான கேர்னலுக்குள் புகுத்த ஒரு நிரல் எழுதி அனுப்பினேன். கேர்னலில் காவல் சில்லுகளின் பகுதிக்குப் பொறுப்பானவர் மரேக். திருப்பி அனுப்பிவிட்டார். எல்லாக் காவல் சில்லுகளுக்கும் கேர்னலில் ஒரே பொது வழி இருக்கிறது, உங்களுடையதும் அதிலேயே வரட்டும், கம்பனிக்கே உரிய வித்தைகள் வெளியே அவர்களுடைய மென்பொருளில் இருக்கட்டும் என்று எழுதியிருந்தார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இஞ்ச சனம் உயிரக் கையில பிடிச்சிக்கிட்டு இரிக்கிது, இவருக்கு ஒழுங்குமுறை கேக்குது!" என்று வாப்பாவிடம் கத்தினேன்.

"கத்தினாச் சரிவருமா புள்ள? அவர் சொல்ற மாதிரி எழுதித்தான் பாரன்."

முணுமுணுத்துக்கொண்டே மாற்றி எழுதினேன். மறுபடியும் திருப்பினார். ஆனால் எங்கே பிழை என்று வரிவரியாகக் காட்டியிருந்தார். கடைசியில் ஏற்றுக்கொண்டார். சைரன் நிரலையும் அந்தப் பொது வழிக்கே மாற்றினேன்.

நாட்டில் சண்டை முடிந்து சோதனைச் சாவடிகள் குறைந்த பிறகு, என்னோடு கணினி படித்த சுஜித்தா தம்பிலுவிலிலிருந்து வந்தாள். அவளுக்குக் கடலோரத்தில் வீடு, இரண்டு பிள்ளைகள்.

"எங்கட ஊருக்கும் ஒண்டு செஞ்சி தா கா."

அவள் பையிலிருந்து எடுத்த பெட்டி வேறு கம்பனியுடையது. கம்பனியே மூடப்பட்டுவிட்டது, அதன் மென்பொருள் எங்கும் கிடைக்காது. ஆனால் முகம் தெரியாத யாரோ அந்தச் சில்லையும் கேர்னலின் பொது வழிக்குள் ஏற்கெனவே கொண்டுவந்திருந்தார். என் நிரல் ஓர் எழுத்தும் மாறாமல் அதில் ஓடியது.

போன மாதம் ஒரு பின்னேரம் எங்கள் பள்ளிவாசல் சைரன் ஊதியது. எல்லோரும் ஓடி மேட்டில் நிற்கும்போது சுஜித்தாவின் அழைப்பு வந்தது.

"பெட்டி செத்துக் கிடந்திச்சி கா. நான் பாத்துக்கிட்டு நிக்கக்குள்ள தானா எழும்பிச்சி. எழும்பின கையோட சைரன்! புள்ளைகளத் தூக்கிக்கிட்டு ஓடி வந்திட்டம்."

கடல் அன்று வரவில்லை. வந்திருந்தால் என்று நினைத்து இரண்டு பேரும் தொலைபேசியிலேயே அழுதோம். கம்பனியின் முறையே வேண்டும் என்று நான் பிடித்த பிடியில் நின்றிருந்தால் அவளுடைய பெட்டி எழும்பியிராது.

அன்று அந்தியில் மஃரிப் தொழுதுவிட்டுக் கையேந்தினேன். ராத்தாவுக்காகக் கேட்டேன், சுஜித்தாவின் பிள்ளைகளுக்காகக் கேட்டேன். பிறகு மரேக்கின் பெயரைச் சொன்னேன். உச்சரிப்புச் சரியோ தெரியாது. ஆளை அல்லாஹ்வுக்குத் தெரியும்.