ரொட்டிக் கடையில் யார் கடைசி?

எங்கள் கட்டடத்துக்கு லிஃப்ட் வைக்கிறார்கள். அறுபது வருஷமாகப் படியேறியே காலம் தள்ளிய ஐந்து மாடிக் கட்டடம். எல்லோரும் கையெழுத்துப் போட்டோம், நானும்தான் போட்டேன். காலை எட்டுக்குச் சுவரைத் துளைக்க ஆரம்பித்தால் மாலை ஆறு வரை விடமாட்டார்கள் என்று அந்தக் காகிதத்தில் யாரும் எழுதவில்லை. மூன்று மாதத்தில் முடிப்போம் என்றார்கள். இது எட்டாவது மாதம்.

நான் பார்ப்பதோ வீட்டிலிருந்து பார்க்கிற வேலை. காப்பீட்டு நிறுவனம், தலைமை அலுவலகம் மாட்ரிட்டில். நான் இருப்பது அங்கிருந்து பேருந்தில் நாலு மணி நேரம் தள்ளி, லோக்ரோன்யோவில். மருத்துவச் செலவு கேட்டு வருகிற மனுக்களைப் படித்துக் குறிப்பு எழுதி அனுப்ப வேண்டும். ஒப்பந்தத்தில் நாலாவது விதி என்று ஒன்று இருக்கிறது. சொந்த வீடு, தனி அறை, மூடிய கதவு. இதை மீறினால் வீட்டு வேலை ரத்து, அடுத்த திங்கட்கிழமை மாட்ரிட் அலுவலகத்தில் போய் உட்கார வேண்டும்.

சும்மா மிரட்டலுக்கு எழுதியதில்லை. ஹிஹோனிலிருந்து இதே வேலை பார்த்த சோன்சோலெஸ் அப்படித்தான் மாட்டினாள். கூட்டம் நடந்துகொண்டிருக்கும்போது அவள் பக்கத்திலிருந்து கடல்காக்கை கத்தியது. எங்கள் மேலாளர் ஹகோபோ பேச்சை நிறுத்திவிட்டு, "அது என்ன சத்தம்?" என்று கேட்டார். கடற்கரைச் சுவரில் உட்கார்ந்திருந்தவள் பொய் சொல்லத் தெரியாமல் உண்மையைச் சொல்லிவிட்டாள். இப்போது மாட்ரிட்டில் வாடகை அறையில் இருக்கிறாள். பிள்ளைகளைச் சனி, ஞாயிறில்தான் பார்க்கிறாள்.

எனக்கும் அதே கதிதான் வரும். என் வீட்டுக்காரர் ஓஸ்கர் இந்த ஊர் நகரப் பேருந்து ஓட்டுகிறார், மாட்ரிட்டுக்கு மாற்றல் கேட்க முடியாது. மகள் வேராவுக்கு ஐந்து வயது. நான் தினமும் இந்த விதியை மீறிக்கொண்டுதான் இருந்தேன்.

மீறியது நியேவெஸின் ரொட்டிக் கடையில். எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி. கல் அடுப்பு, இயற்கையாகப் புளிக்கவைத்த மாவு, நாலே நாலு மேசை. காலை ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை ஈ காக்கை இருக்காது. நான் கடைசி மேசையில் வெள்ளைச் சுவரில் முதுகு சாய்த்து உட்கார்ந்தால் என் திரை யாருக்கும் தெரியாது. போன் பேச வேண்டியிருந்தால் பின்னாலிருக்கும் மாவு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வேன். நோயாளி பெயரை ஒருநாள்கூட வெளியில் உச்சரித்ததில்லை, சத்தியமாக. நாலாவது விதி எதற்கு இருக்கிறதோ அதை நான் காப்பாற்றினேன். அது எழுதியிருந்தபடி காப்பாற்றவில்லை, அவ்வளவுதான்.

வருடாந்திர மதிப்பீடு அன்றைக்கு இரண்டரை மணிக்கு என்று இருந்தது. துளைக்கிற ஆட்கள் சாப்பிடப் போகும் நேரம், வீட்டிலேயே உட்கார்ந்து பேசிவிடலாம் என்று நிம்மதியாக இருந்தேன். பன்னிரண்டரைக்கு ஹகோபோவிடமிருந்து தகவல் வந்தது. 'ஒரு மணிக்கு மாற்றுகிறேன். கேமரா கட்டாயம்.'

ஒரு மணி! இந்த நாட்டில் ஒரு மணி என்பது ரொட்டி வாங்குகிற நேரம். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் ஊரே கடைக்குள் வந்து நிற்கும். வந்து நிற்பதோடு விடுவார்களா? அறுவை சிகிச்சை, மருமகள், மேயர், திராட்சை விலை, எல்லாம் அங்கேதான் பேசித் தீர்ப்பார்கள். மாவு அறைக்குள் போகலாம் என்றால் அன்றைக்குக் காலையில்தான் மூட்டை வந்து இறங்கியிருந்தது, ஒரு பூனை நுழைய இடமில்லை. அம்மா வீட்டுக்குப் பேருந்தில் நாற்பது நிமிஷம். கல்லாவில் நின்ற நியேவெஸிடம் தகவலைக் காட்டினேன்.

"ஒரு மணிக்கா?" என்றாள் நியேவெஸ். "ரொட்டி வாங்குற நேரத்துல மீட்டிங் வைக்கிறவன் மனுஷனே கிடையாது. அந்த ஆளு சாப்பிடவே மாட்டானா?"

"கிண்டல் பண்ணாத நியேவெஸ். சத்தம் கேட்டுச்சுன்னா நான் மாட்ரிட்டுல கிடப்பேன்."

"அழுது தொலைக்காத. நான் வாயை மூடச் சொன்னா மூடுவாங்க."

"யாரு, நம்ம ஊருக்காரங்களா?"

"ரொட்டி வேணுமா வேண்டாமா?" என்றாள்.

மாவு மூட்டை வந்த அட்டைப்பெட்டியைக் கிழித்துப் பெரிய எழுத்தில் எழுதினாள். 'ஒரு மணியிலிருந்து ஒன்றரை வரை வாயைத் திறப்பவருக்கு ரொட்டி கிடையாது. கடைசி ஆள் விரலைத் தூக்கவும்.' அதைக் கதவில் ஒட்டினாள். கதவு மணியில் மாவுத் துணியைச் சுற்றிக் கட்டினாள்.

விரலைத் தூக்குவது எதற்கு என்றால், இந்த நாட்டுக் கடைகளில் யாரும் ஒருவர் பின் ஒருவராக நிற்பதில்லை. உள்ளே வருகிறவர் "யார் கடைசி?" என்று கேட்பார். "நான்தான்" என்று ஒருவர் சொல்வார். அவருக்குப் பின்னால் தன் முறை என்று மனதில் வைத்துக்கொண்டு, எங்கே வேண்டுமானாலும் நின்று வம்பளக்கலாம். பேசப் பழகுகிற குழந்தைக்கே இது தெரியும். தூக்கத்தில் கேட்டாலும் பதில் வரும்.

"எவேலியோவை என்ன செய்யறது?" என்று கேட்டேன்.

எவேலியோ ரயில்வேயில் கார்டாக இருந்தவர். விசில் ஊதாமல் குரலாலேயே ரயிலை நிறுத்தியிருக்கிறார் என்பார்கள். இப்போது காதும் சரியாகக் கேட்காது, ஆகவே தன் குரல் தனக்கு எட்டும்வரை பேசுவார்.

"அவர் ஒன்றரை அடிச்சாதான் வருவார். ரயில்வேக்காரர். அதுக்குள்ள முடிஞ்சிடும்ல?"

"இருபது நிமிஷம்தான்."

"அப்புறம் என்ன? தலையை வாரிக்க, பேய் மாதிரி இருக்க."

ஒரு மணிக்குக் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். ஆட்கள் வந்தார்கள். அட்டையைப் படித்தார்கள். சும்மா சொல்லக்கூடாது, ஒருவர்கூட வாயைத் திறக்கவில்லை. கடைசி ஆள் விரலைத் தூக்குவார், புதிதாக வந்தவர் தலையசைத்துவிட்டுத் தன் விரலைத் தூக்குவார். ரொட்டியைத் துண்டு போடச் சொல்லி ஒரு அம்மாள் சைகை காட்டினாள். இயந்திரம் சத்தம் போடும் என்பதால் நியேவெஸ் கழுத்தை அறுப்பதுபோல் கையை இழுத்துக் காட்டினாள். மருந்துக்கடைக்காரிக்கும் தபால்கார அம்மாவுக்கும் யார் முதலில் வந்தது என்று தகராறு. முழுத் தகராறையும் கையாலும் புருவத்தாலுமே போட்டு முடித்தார்கள். இவ்வளவு பேர் எனக்காக வாயைக் கட்டிக்கொண்டு நின்றார்கள்.

எல்லாம் சரி, ஹகோபோ எங்கே? ஒன்று பத்து ஆயிற்று, ஆளைக் காணோம். ஒன்று பதினாறுக்கு வந்தார், குரலாக மட்டும்.

"என் கேமரா இன்னைக்கு மக்கர் பண்ணுது. உங்க கேமரா ஓடுதில்ல? நல்லது. வீட்டுலதானே இருக்கீங்க?"

"ஆமா."

"அமைதியா இருக்கே. ரொம்ப நல்லது."

இருபது பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். முதல் பாகம் எத்தனை மனு முடித்தேன் என்பது. இரண்டாம் பாகம் எத்தனை தவறு. மனிதர் ஒரு கேள்வி கேட்பார், மைக்கை அணைத்துவிடுவார், நான் பதில் சொல்லி முடித்து வெகுநேரம் கழித்துத் திரும்ப வருவார். ஏன் இப்படி இழுக்கிறார் என்று பற்றிக்கொண்டு வந்தது. கடிகாரத்தில் ஒன்று இருபத்தெட்டு. நியேவெஸ் என்னைப் பார்த்து மணிக்கட்டைத் தட்டினாள். நான் என்ன செய்வேன்?

"கடைசியா நாலாவது விதி," என்றார் ஹகோபோ. "சோன்சோலெஸ் விஷயத்துக்கு அப்புறம் இதை எல்லார்கிட்டயும் வாயால கேட்டுப் பதிவு பண்றேன். மூடின கதவு, தனி அறை. நம்பிக்கைதான், லெயிரே, இந்த வேலைக்கு அடிப்படை. நீங்க இப்போ..."

கதவு திறந்தது. எவேலியோ. நியேவெஸ் கல்லாவைச் சுற்றிக்கொண்டு ஓடினாள். தபால்கார அம்மாள் இரண்டு கையையும் விரித்துக் குறுக்கே பாய்ந்தாள். கண்ணாடி போடாத மனிதர் எந்த அட்டையைப் படிப்பார்?

"யாருப்பா கடைசி?"

கண்ணாடி அலமாரி அதிர்ந்தது. முடிந்தது என்று நினைத்தேன். வேராவை இனி சனிக்கிழமைதான் பார்ப்பேன் என்று, அந்த ஒரு நினைப்புதான் வந்தது. கண்ணை மூடிக்கொண்டேன்.

காதுக்குள் ஹகோபோவின் குரல் கேட்டது.

"நான்தான்."

கண்ணைத் திறந்தேன். திரையில் அவர் பெயரைத் தவிர ஒன்றுமில்லை. அவர் பக்கத்திலிருந்து ஒரு பெண்ணின் குரல் வந்தது.

"நீங்க எங்க கடைசி, உங்க முறை வந்தாச்சு! கடைசி அந்தப் பச்சைக் கோட்டு அம்மா. வழக்கமானதுதானே தங்கம்? ரெண்டு, நல்லா வெந்தது?"

யாரோ சிரித்தார்கள். காகிதப் பை சரசரத்தது. ஹகோபோவுக்கு மைக்கை அணைக்கக்கூடத் தோன்றவில்லை போலிருக்கிறது.

முதலில் எனக்கு வந்தது கோபம்தான். மூன்று வருஷமாக மூடிய கதவு, மூடிய கதவு என்று எங்கள் உயிரை வாங்கியவர். ஒரு கடல்காக்கைக்காக ஒருத்தியைப் பிள்ளைகளிடமிருந்து பிரித்தவர். வழக்கமானது இரண்டாம்! நல்ல வார்த்தை நாலு கேட்டுவிட வாய் துறுதுறுத்தது. ஆனால் என் எதிரிலும் இருபது பேர் ரொட்டிக்கு நிற்கிறார்கள்.

"வாங்கிக்குங்க ஹகோபோ," என்றேன். "ஆறிடப் போவுது. நான் காத்திருக்கேன்."

வாங்கினார். சில்லறை விழுகிற சத்தம் கேட்டது. பிறகு தெருச் சத்தம், ஒரு மோட்டார் சைக்கிள்.

"எங்க விட்டோம்?" என்றார், மெதுவாக.

"நாலாவது விதியில."

"அது... அதைப் பார்த்தாச்சுன்னு எழுதிக்கிறேன்."

"சோன்சோலெஸுக்கும் பார்த்தாச்சுன்னு எழுதணும்."

"லெயிரே, அது வேற..."

"கடல்காக்கை கத்தினது. வேற ஒண்ணும் இல்ல."

அவர் பக்கத்தில் யாரோ ஒரு நாயைக் கூப்பிட்டார்கள்.

"இன்னைக்கே எழுதறேன்," என்றார். "திங்கட்கிழமைலேருந்து அவ வீட்டுலேருந்து செய்யட்டும்."

"நல்லா சாப்பிடுங்க," என்று சொல்லி அணைத்தேன்.

ஹெட்போனைக் கழற்றினேன். கடையே என்னைப் பார்த்துக்கொண்டு நின்றது. அவர்களுக்கு என்ன தெரியும்? என் பக்கப் பேச்சு மட்டும்தான் காதில் விழுந்திருக்கும். அட்டையை யாரோ எவேலியோவின் மூக்குக்கு நேராகப் பிடித்துப் படித்துக் காட்டியிருந்தார்கள். மனிதர் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, அழுதுவிடுவார்போல் நின்றார்.

"என்னடி ஆச்சு? சொல்லித் தொலை!" என்றாள் நியேவெஸ்.

"மாட்ரிட்டுக்குப் போகல."

"போகலையா?"

"அந்த ஆளும் ரொட்டி வாங்கத்தான் நின்னுட்டு இருந்தான்."

ஒரு நிமிஷம் யாருக்கும் விளங்கவில்லை. விளங்கியதும் அரை மணி நேரமாக அடக்கி வைத்திருந்ததையெல்லாம் ஒரேயடியாகக் கொட்டினார்கள். மருந்துக்கடைக்காரி கல்லாவைத் தட்டித் தட்டிச் சிரித்தாள். துண்டு போடுகிற இயந்திரம் ஓட ஆரம்பித்தது. நான் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு நன்றாக அழுதேன். தபால்கார அம்மாள் வந்து முதுகைத் தடவினாள்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தபோதுதான், வீட்டுக்கு நான் இன்னும் ரொட்டி வாங்கவில்லை என்பது ஞாபகம் வந்தது. ஓஸ்கர் இரண்டு மணிக்கு வந்துவிடுவார்.

"யார் கடைசி?" என்று கேட்டேன்.

அத்தனை கூச்சலுக்கு நடுவில் எவேலியோ, உதடு இரண்டையும் இறுக்க மூடிக்கொண்டு, விரலைத் தூக்கினார்.