உயிருள்ளதை மட்டும் எண்ணுதல்

1
உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: என் அக்காவைப் பற்றிப் பீற்றிக்கொள்ளத்தான் இந்தக் கதையைத் தொடங்கினேன். அவள் பால் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். முதல் வரி இப்படி இருந்தது: ‘மைக்ராஸ்கோப்பில் குனிந்த அவள் கண்களில் ஒரு பிரபஞ்சம்—’

அதைப் படித்த அக்காவுக்குச் சிரித்துச் சிரித்துக் காபி புரையேறியது. “மைக்ராஸ்கோப்பைத் தொட்டே ஆறு மாசமாச்சுடா. குழாய், குளிர்பெட்டி, மெஷின், அவ்வளவுதான் எங்க வேலை.”

(பிரபஞ்சத்தை அடித்துவிட்டேன். கொஞ்சம் வலித்தது.)

2
ஒரு பண்ணைக்காரர், நாற்பது பசுக்கள். பாலில் நோய்க்கிருமி வந்து, மருந்தும் கொடுத்து முடித்தாயிற்று. பிறகும் மெஷின், நாற்பதிலும் கிருமி இருப்பதாகச் சொன்னது. அக்காவின் மேலதிகாரி பேனாவைத் திறந்தார். கையெழுத்து விழுந்தால் நாற்பதும் வெட்டுக்குப் போகும்.

“சார், மெஷினுக்குச் செத்த கிருமியும் ஒன்னுதான், உசுரோட இருக்கறதும் ஒன்னுதான். ரெண்டு நாள் குடுங்க.”

“நீ என்னம்மா, மாட்டுக்கு வக்கீலா?”

“கிருமிக்கு இறப்புச் சான்றிதழ் குடுக்கிற ஆளு சார்.”

(இது நான் சேர்த்தது என்று நினைப்பீர்கள். எனக்கு இவ்வளவு வராது.)

3
ஒவ்வொரு குழாயிலும் அவள் ஒரு சாயம் விட்டாள். செத்த கிருமியின் சுவரெல்லாம் ஓட்டை. சாயம் உள்ளே புகுந்து, விளக்கொளி பட்டதும், மெஷின் தேடும் மரபணுவோடு ஒட்டி இறுகிவிடும். பிறகு மெஷினால் அதை எண்ண முடியாது. உயிருள்ள கிருமி சாயத்தை உள்ளே விடாது. அதை மட்டும் மெஷின் எண்ணும்.

நாற்பதும் சுத்தம் என்று கதையில் எழுதினேன். மேலதிகாரி தலைகுனிந்தார், கூடமே கைதட்டி—

இந்த முறை அக்கா சிரிக்கவில்லை.

“முப்பத்தொன்பதுடா. பதினேழாம் நம்பர்ல கிருமி உசுரோட இருந்துச்சு.”

“கதைதானேக்கா, ஒன்னுல என்ன வந்துடப்போகுது?”

“அந்த ஒன்னை மறைச்சா, முப்பத்தொன்பதை எவன் நம்புவான்?”

பீற்றிக்கொள்ள நான் தேடிய வரி அதுதான். அதையும் அவளே சொல்லிவிட்டாள்.

4
பதினேழாம் நம்பர், பண்ணைக்காரரின் மகள் புட்டிப்பால் கொடுத்து வளர்த்த பசு. பெயர் மகாராணி.

முடிவு அ: அக்கா போனில் பண்ணைக்காரரிடம் முதலில் முப்பத்தொன்பதைச் சொல்கிறாள். அவர் ஆனந்தத்தில் மகளைக் கூப்பிட— (வேண்டாம். கொடூரம்.)

முடிவு ஆ: முதலில் அந்த ஒன்றைச் சொல்கிறாள். அவர் போனை வைத்துவிட்டால்?

அக்கா என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியும். சொல்லமாட்டேன். நான் எழுதினால் அழகாக்கிவிடுவேன்.

மணி அடிக்கிறது. எடுத்துவிட்டார். பின்னால் ஒரு மாடு கத்துகிறது.

“சொல்லும்மா,” என்கிறார்.

போன் உங்கள் கையில் இருக்கிறது.