அகலவாக்கில் ஒரு படம்

படத்தை ஜன்னலருகே கொண்டுபோய் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தாள். கணவரின் முகத்தை விட்டுவிட்டு இடது ஓரத்தையே பார்த்தாள்.

"நல்லாத்தானேம்மா இருக்கு? சீக்கிரம் சொல்லு, பிரேம் கடைக்காரர் வாசல்ல நிக்கிறாரு" என்றான் மகன்.

கூடத்தில் அவர் படுத்திருந்தார். காலையில் பல் துலக்கப் போனவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆம்புலன்ஸ் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. முப்பது வருஷம் ஊரையெல்லாம் படம் பிடித்த மனிதர். தலைமாட்டில் வைக்க அவர் படம் ஒன்று கேட்டால் வீட்டில் இல்லை. அலமாரியைக் கொட்டிக் கவிழ்த்தும் கிடைக்காததை, அவருடைய ஸ்டுடியோவில் ஆல்பம் போடுகிற பெண் ஒரு மணி நேரத்தில் பெரிதாக அச்சடித்தே கொண்டுவந்துவிட்டாள். அதுதான் முதலில் உறுத்தியது. பெண்டாட்டியிடம் இல்லாத படம் இவளிடம் எப்படி இருக்கும்?

"எப்ப எடுத்தது இது?"

"போன மாசம், அக்கா."

"யாரு எடுத்தா?"

"நான்தான்."

அவளை ஸ்டுடியோவில் மவுஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். கம்ப்யூட்டர் மவுஸைக் கையிலிருந்து கீழே வைக்காதவள் என்பதால் அவர் வைத்த பெயர். மனைவிக்கும் ஒரு பெயர் வைத்திருந்தார்: கட்டர். அந்தக் காலத்தில் பிரிண்ட் ஓரங்களையெல்லாம் அவள்தான் வெட்டுவாள். அளவுகோல் வைக்காமலே கோடு பிசகாது. கம்ப்யூட்டர் வந்தது, மவுஸ் வந்தாள், கட்டர் வீட்டோடு இருந்துகொண்டாள். ஆறு வருஷமாக ஒன்றையும் கையும் களவுமாகப் பிடித்ததில்லை. பிடிபடாததே அவளுக்குப் பெரிய சாட்சியாகத் தெரிந்தது. அந்தப் பெண் வார்த்தைக்கு வார்த்தை 'அண்ணே' என்பதுகூட. வெறும் அண்ணனை எவள் அத்தனை தடவை அண்ணன் என்பாள்?

படத்தில் அவர் சிரித்துக்கொண்டிருந்தார். கேமராவைப் பார்த்தல்ல, இடது பக்கம் திரும்பி, கண்ணைச் சுருக்கி, கீழுதட்டைக் கொஞ்சம் கடித்துக்கொண்டு. குறும்பு செய்யப் போகிறவன் முகம். இருபத்தாறு வருஷத்தில் இப்படி ஒரு சிரிப்பை அவள் பார்த்ததே இல்லை.

அப்புறம் அவளுடைய பழைய வேலை விழித்துக்கொண்டது. கன்னத்தில் புள்ளி தட்டியிருந்தது. சின்னத் துண்டை இழுத்துப் பெரிதாக்கினால்தான் அப்படித் தட்டும். மூக்கு நுனிக்கும் ஓரத்துக்கும் நடுவே விரல் நுழைய இடமில்லை. ஆள் பார்க்கிற பக்கம் இடம் விடணும் என்பது அவர் கடையில் முதல் பாடம். மவுஸுக்கும் அது மனப்பாடம். இரண்டாவது பாடம் இன்னும் சுலபம். ஒருத்தர் என்றால் கேமராவை நிமிர்த்திப் பிடி, ரெண்டு பேர் என்றால் படுக்க வை.

"இது நெட்டுவாக்குல எடுத்த படமில்ல" என்றாள். "அகலமா எடுத்து வெட்டியிருக்க."

மவுஸ் படத்தைத் திருப்பி வாங்கக் கை நீட்டினாள்.

"அந்தப் பக்கம் யாரு?"

"யாருமில்லக்கா. செவுருதான்."

"செவுரப் பாத்தா இப்படிச் சிரிச்சாரு?"

"அம்மா!" என்றான் மகன். "இன்னைக்காவது விடேன்."

இன்னைக்காவது. அப்படியென்றால் இத்தனை நாளும் தன் சந்தேகம் இவனுக்கும் தெரிந்திருக்கிறது. அவளுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் விடவில்லை. மவுஸின் கையைப் பிடித்துப் பின்னறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினாள்.

காலையிலிருந்து அவள் அழவில்லை. வந்தவர்களெல்லாம் "அதிர்ச்சியில இருக்கா, பாவம்" என்றார்கள். அதிர்ச்சியுமில்லை ஒன்றுமில்லை. யாருக்காக அழப்போகிறோம் என்று தெரியாமல் எப்படி அழுவது? நமக்குப் புருஷனாக இருந்தவனுக்கா, வேறொருத்திக்கும் பங்கு கொடுத்தவனுக்கா? கேட்டால் சொல்கிற ஆள் கூடத்தில் வாய் மூடிப் படுத்திருக்கிறார். மிச்சமிருப்பது வெட்டிப்போட்ட இந்தப் பாதிப் படம்தான்.

"முழுசயும் காட்டு."

"வேணாம்க்கா. சொன்னாக் கேளுங்க."

"உன் போன்லதானே இருக்கு? காட்டு. இல்லன்னா வெளிய இருக்கிற அத்தன பேரு முன்னாடியும் கேப்பேன்."

மவுஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனைத் திறந்தாள். எதையோ தேடி எடுத்து, போனைக் குறுக்காகத் திருப்பி நீட்டினாள்.

அகலமான படம். வலது பக்கம் அவர், அதே சிரிப்புடன். இடது பக்கம் ஒரு பெண். கையில் சாப்பாட்டுப் பை. புருவம் இரண்டும் முட்டிக்கொள்கிற மாதிரி நெரித்து, கேமராவுக்குப் பின்னால் இருக்கிற யாரையோ சுட்டுவிடுவது போல முறைத்துக்கொண்டிருக்கிறாள்.

தன் முகத்தை அடையாளம் காண அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"புது லென்ஸ் வந்த அன்னைக்குக்கா" என்றாள் மவுஸ். "நீங்க சொல்லாம கொள்ளாம சாப்பாடு எடுத்துட்டு வந்தீங்க. அண்ணன் உங்கள இழுத்துப் பக்கத்துல நிறுத்திக்கிட்டு, 'எங்க ரெண்டு பேரையும் ஒண்ணு எடு, லென்ஸ் எப்படின்னு பாப்போம்'னாரு."

நினைவிருந்தது. சொல்லாமல் போனது சோதனை போடத்தான். அன்றைக்கு மவுஸின் காதில் புதுத் தோடு மின்னியது. யார் வாங்கிக் கொடுத்திருப்பார்கள் என்ற யோசனையிலேயே அந்த நிமிஷம் போய்விட்டது. பக்கத்தில் நின்ற மனுஷன் தன்னைப் பார்த்து என்ன முகம் வைத்திருந்தார் என்று அவள் திரும்பிப் பார்க்கவேயில்லை.

"அன்னைக்கு ஒரு தோடு போட்டிருந்தியே?"

"எங்கம்மாவோடதுக்கா. பழசு. பாலிஷ் போட்டேன்."

அவள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். பழைய வயிற்றெரிச்சல்தான் மறுபடி வந்தது. இந்தத் தடவை அது யார்மேலும் இல்லை, தன்மேல்.

"ஏன் வெட்டுன?"

"அண்ணன் வெட்டக் கூடாதுன்னுதான் சொன்னாரு. 'எங்க கட்டரோட உண்மையான முகம்டி இது, வேற எவன் எடுத்தாலும் விழாது'ன்னு சிரிச்சாரு. வர்றவங்க எல்லாம் பாப்பாங்களே, உங்கள இப்படி வைக்க வேணாமேன்னு நான்தான்..."

கதவுக்கு வெளியே பிரேம் கடைக்காரர் தொண்டையைக் கனைத்தார். அவருடைய பழைய சிநேகிதர்.

"அண்ணி, தப்பா நெனைக்காதீங்க. சட்டம் ரெண்டு தினுசும் கொண்டாந்திருக்கேன். நெட்டையா, அகலமா, அத மட்டும் சொல்லிட்டீங்கன்னா..."

மவுஸ் அவள் முகத்தைப் பார்த்தாள்.

"அகலமாப் போடுங்க" என்றாள் அவள், கதவைப் பார்த்து. பிறகு மவுஸிடம், "முழுசாப் போடு. என் பக்கத்துல ஒரு நூல்கூட வெட்டாத."

"எல்லாரும் பாப்பாங்கக்கா."

"பாக்கட்டும்."

நாலு மணிக்குப் படம் வந்தது. தலைமாட்டில் போட்டிருந்த ஸ்டூல் நெட்டைப் படத்துக்காக எடுத்து வைத்தது. இந்தப் படம் அதில் அடங்கவில்லை. இடது பக்கம் ஒரு சாண் வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. வந்தவர்கள் அவரைப் பார்த்தார்கள், படத்தைப் பார்த்தார்கள், ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரு கிழவர் உதட்டுக்குள் சிரித்துக்கூட விட்டார்.

"பெரிய மேசையா ஒண்ணு கொண்டாறேன்மா" என்றான் மகன்.

"வேணாம். நீ போய் வந்தவங்களப் பாரு."

தரையில் உட்கார்ந்து, நீட்டிக்கொண்டிருந்த ஓரத்துக்கு அடியில் உள்ளங்கையைக் கொடுத்துத் தாங்கிக்கொண்டாள். வாசலில் ஆட்கள் வருவதும் போவதுமாக இருந்தார்கள். யார் வருகிறார்கள் என்று அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கை மரத்துப்போனதும் மற்றக் கைக்கு மாற்றினாள்.