இன்னும் இரண்டு அங்குலம்

இரண்டாவது தடவையும் சிவப்பு விளக்கு எரிந்தது. ஒன்றல்ல, மூன்றும்.

ரஞ்சனி நூற்றைந்து கிலோவைத் தோளில் சுமந்து, உட்கார்ந்து, எழுந்து, தடுமாறாமல் நின்றும் காட்டியிருந்தாள். எழுந்ததில் குறையே இல்லை. உட்கார்ந்ததில்தான் குறை. இடுப்பு மடிப்பு முட்டிக்குக் கீழே இறங்கவில்லை என்று மூன்று நடுவர்களும் ஒரே முகமாகச் சொல்லிவிட்டார்கள். மாவட்டப் பளு தூக்கும் போட்டி நடந்த ஸ்ரீரங்கத்துக் கல்யாண மண்டபம் அது. நேற்று பெண்ணும் மாப்பிள்ளையும் சம்மணமிட்டு உட்கார்ந்த மேடையில் இன்று ரஞ்சனிக்கு உட்காரத் தெரியவில்லையாம்!

மிச்சம் ஒரே ஒரு வாய்ப்பு. அதிலும் கோட்டைவிட்டால் போட்டியிலிருந்தே வெளியே. அப்புறம் பளு தூக்குவதே கிடையாது. ஜனவரியில் இடது முட்டி பிசகியபோது கணவன் கலையரசனோடு பேசி வைத்த பேச்சு அது. மாநிலப் போட்டிக்குத் தேர்வானால் தொடரலாம், இல்லாவிட்டால் இதோடு சரி. "சரிங்க" என்று வாக்குக் கொடுத்தவள் அவளேதான்.

மேடைக்குப் பின்னால் வந்ததும் தோழி ஜெஸிமாவைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ சொன்ன எடத்துலதானடி எழுந்தேன்? ரெண்டு தடவையும் சரியாத்தானே எழுந்தேன்?"

பாலக்கரை ஜிம்மில் நாலு வருடமாக இருவரும் ஜோடி. அங்கே கம்பி வைக்கும் ஸ்டாண்டு சுவரைப் பார்த்து நிற்கும், கண்ணாடி கிடையாது. ஒருத்தி இறங்கும்போது மற்றவள் பக்கத்தில் குனிந்து தொடையையே பார்த்துக்கொண்டிருப்பாள். போதுமான ஆழம் வந்ததும் "ஏறு!" என்று கத்துவாள். இறங்குகிறவள் ஆழத்தைப் பற்றி யோசிக்கவே மாட்டாள். குரல் வந்தால் எழுவாள், அவ்வளவுதான். இன்றும் ஜெஸிமா மேடையோரம் நின்று அப்படித்தான் கத்தினாள்.

ஜெஸிமா கையிலிருந்த துண்டை முறுக்கினாள்.

"ரெண்டு இஞ்ச் முன்னாடியே சொல்லிட்டேன்" என்றாள்.

"இன்னைக்கா?"

"மார்ச்லேர்ந்து."

ரஞ்சனி அவள் தோளைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள்.

"உன் முட்டி திரும்பப் போயிடுமோன்னு பயம்டி. அன்னைக்கு நீ அலறினது இன்னும் என் காதுல இருக்கு. ஒரு வாரத்துக்குத்தான்னு நெனச்சேன். நீ பாட்டுக்கு எடைய ஏத்திக்கிட்டே போன. அப்புறம் எனக்குச் சொல்ல வாய் வரல. இன்னைக்காவது சரியாச் சொல்லணும்னுதான் வந்தேன். நீ எறங்கறதப் பாத்ததும் பயத்துல வாய் தானா கத்திடுச்சு."

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கான கதை. தில்லை நகரில் முட்டிக்கு வைத்தியம் பார்த்த பிசியோதெரபிஸ்ட் இவர்கள் இருவரையும் உட்கார வைத்துப் படித்துப் படித்துச் சொன்னார்: "எடையக் கொறைச்சுக்குங்க, ஆழத்தக் கொறைக்காதீங்க. முழுசா எறங்கினாத்தான் இடுப்பும் பின்தொடையும் பாரத்தப் பங்கு போட்டுக்கும். முட்டியச் சுத்திப் பலம் வரும்." அன்று இவளைவிட அதிகமாகத் தலையாட்டியவள் ஜெஸிமா. செய்தது மட்டும் தலைகீழ். எடை ஏறியது, ஆழம் குறைந்தது.

கன்னத்தில் ஒன்று விடலாமா என்று ரஞ்சனிக்குக் கை துடித்தது. கண்ணீரும் முட்டியது. எதற்கும் நேரமில்லை. ஒருமுறை கேட்ட எடையைக் குறைத்துக்கொள்ளவும் விதியில் இடமில்லை.

"ரஞ்சனி, பாலக்கரை! மூணாவது, கடைசி!" என்று மைக் கூப்பிட்டது.

"முட்டி..." என்று ஜெஸிமா ஆரம்பித்தாள்.

"தலைக்கு மேல வெள்ளம் போயாச்சு. இனிமே சாண் போனா என்ன, முழம் போனா என்ன. நீ கத்தக் கூடாது. வாயத் தொறந்த, இதோட உனக்கும் எனக்கும் பேச்சே கெடையாது."

கம்பி தோளில் உட்கார்ந்தது. இரண்டு எட்டு பின்னால் வந்து நின்றாள். வயிறு நிறைய மூச்சை இழுத்து அடக்கினாள். நடுவரின் கை கீழே இறங்கியது.

இறங்கினாள். வழக்கமாகக் குரல் வரும் இடம் வந்தது. குரல் வரவில்லை. தொடைகள் பழக்கதோஷத்தில் தாமாகவே எழப் பார்த்தன. ரஞ்சனி விடவில்லை. அதற்குக் கீழே இவ்வளவு பாரத்தோடு அவள் போனதே இல்லை. பயமாக இருந்தது. இன்னும் கொஞ்சம். இடது முட்டி இப்போது சுள்ளென்னும், இப்போது என்று காத்துக்கொண்டே இறங்கினாள். முட்டி ஒன்றும் சொல்லவில்லை. அடியில் புட்டமும் பின்தொடையும் இறுகிப் பாரத்தை வாங்கிக்கொண்டன. ஐந்து மாதமாகச் சும்மா கிடந்த சதை அத்தனையும் ஒரே நொடியில் வேலைக்கு வந்தது.

எழுந்தாள். பாதி வழியில் கம்பி நின்றேவிட்டது. கூட்டம் கத்தியது. அந்தக் கூச்சலில் ஜெஸிமாவின் குரல் இல்லை. பல்லைக் கடித்து இடுப்பை முன்னால் தள்ளினாள். நகர்ந்தது. நிமிர்ந்து நின்றாள். நடுவர் கையசைத்ததும் கம்பியை ஸ்டாண்டில் போட்டுவிட்டுத் திரும்பினாள்.

இடது பக்கம் சிவப்பு. நடுவில் வெள்ளை. வலது பக்கமும் வெள்ளை.

மூன்றில் இரண்டு வெள்ளை போதும். ரஞ்சனி ஓடிப்போய் மேடையோரம் பார்த்தாள். ஜெஸிமா சுவரைப் பார்த்துத் திரும்பி, துண்டை வாயில் திணித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"பாத்தியாடி? போனேன்டி கீழ!"

ஜெஸிமா துண்டை எடுத்துவிட்டுத் தலையை அசைத்தாள்.

"பாக்கல. பாத்திருந்தா கத்தியிருப்பேன்."