இரண்டு அட்டைகள்

இது எழுபதில் நடந்ததா, எழுபத்தொன்றிலா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. பக்தவத்சலத்தின் காலில் அட்டை கடித்த தழும்புகளைப் பார்த்திருக்கிறேன். அவை ஏழா எட்டா என்பதும் மறந்துவிட்டது. மற்றதைச் சொல்கிறேன்.

போர்ட் பிளேருக்கு வெகு தெற்கே, கடைசித் தீவிலிருக்கும் கேம்பல் பேயில் அப்போது, மெயின்லேண்டிலிருந்து குடியேற வரப்போகும் முன்னாள் பட்டாளத்துக் குடும்பங்களுக்காக இருபது குடிசைகள் எழும்பிக்கொண்டிருந்தன. ஆட்களை ஒதுக்குபவர் லேபர் ஆபீசர் சொக்கலிங்கம். வேலை வாங்குபவர் சூப்பர்வைசர் வியாகுலம். வேலையாட்களின் சமையல்காரரைச் சொக்கலிங்கம் தன் வீட்டுக்கு மாற்றிக்கொண்ட நாளிலிருந்து இருவருக்கும் பேச்சு கிடையாது. ஆகவே மரம் இருந்த இடத்தில் ஆள் இல்லை. ஆள் இருந்த இடத்தில் மரம் இல்லை. இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து திட்டத்தைக் கவனிக்க மேலிடம் அனுப்பிய ஆள்தான் பக்தவத்சலம்.

திண்டிவனத்துக்காரரான அவர், பெரிய அட்டை ஒன்றில் இருபது கட்டங்கள் போட்டு ஆபீஸ் சுவரில் மாட்டினார். முடிந்த குடிசைக்குப் பச்சை, முடியாததற்குச் சிவப்பு. இருபதாவது கட்டம் அவருடையது. "கூரை இல்லாத ஊருக்கு நான் வரமாட்டேன்" என்று மூன்று வருஷமாகத் திண்டிவனத்திலேயே இருந்துவிட்ட மனைவி அலமுவுக்காகக் கேட்டு வாங்கியது.

குடிசைகள் காட்டுக்குள் ஒரு மைல். வழியெல்லாம் அட்டைப்பூச்சி. அதை நினைத்தாலே பக்தவத்சலத்துக்கு உடம்பு கூசும். அதனால் சாயங்காலம் ஆபீசுக்கு வரும் மேஸ்திரி ஹல்தாரிடம் கேட்டுக்கொள்வார். ஹல்தார் வங்காளி, பேசுவது இந்தி; இவருக்கு இந்தி தெரியாது. கட்டத்தைத் தொட்டுக் காட்டுவார். ஹல்தார் வெற்றிலை வாயோடு "ஹோ ஜாயேகா, பாபு" என்பார். அந்தக் குரலில் இருந்த நிம்மதியே போதும், பச்சை அடித்துவிடுவார். ஐந்து வாரத்தில் சுவரில் நெல்வயல் விளைந்துவிட்டது.

சொக்கலிங்கம் அதைப் பார்த்து மகிழ்ந்து, குடிசைகள் தயார் என்று போர்ட் பிளேருக்குத் தகவல் அனுப்பினார். கப்பல் பன்னிரண்டு நாளில் வரும் என்று பதில் வந்தது. கூரை தயார் என்று பக்தவத்சலம் எழுதியிருந்ததால் அதில் அலமுவும் வருகிறாள்.

சேதி கேட்டு வியாகுலம் ஆபீசுக்கு ஓடிவந்தார்.

"என்னவே இது, எல்லாம் பச்சையா இருக்கு?"

"ஹோ ஜாயேகான்னு ஹல்தார் சொன்னாரே."

"அப்படின்னா 'ஆயிடும்'னு அர்த்தம்வே! ஆயிட்டுன்னா 'ஹோ கயா'. நம்ம பேரப்பிள்ளை காலத்துல ஆனாலும் அது ஹோ ஜாயேகாதான்!"

அன்றுதான் பக்தவத்சலம் முதன்முதலாகக் காட்டுக்குள் நடந்தார். கூரை வேய்ந்தவை நான்கு. மற்றவை வெறும் கம்பங்கள். இருபதாவதில் கம்பமும் இல்லை. ஒரு குழி, அதற்குள் ஒரு தவளை. காலில் ஊர்ந்ததைப் பிடுங்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை. ஓர் அட்டைக்குப் பயந்து இன்னோர் அட்டையை நம்பியதை முதலில் அந்தத் தவளையிடம்தான் ஒப்புக்கொண்டார்.

மறுநாள் சொக்கலிங்கத்தையும் வியாகுலத்தையும் அதே குழியருகே வரவழைத்தார். அவருடைய கால்களில் ரத்தம் வழிந்தது.

"தப்பு என்னுது. சார், உங்ககிட்ட எத்தனை ஆள்? சூப்பர்வைசரே, முதல்ல எது வேணும்?"

"அறுபது பேர்" என்றார் சொக்கலிங்கம்.

"ஓலை கட்ட முப்பது பேர். அப்புறம் என் சமையல்காரன்" என்றார் வியாகுலம்.

சொக்கலிங்கம் வானத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "கூட்டிட்டுப் போங்க. அவன் சாம்பார்ல உப்பே போடறதில்லை."

பச்சைக்குப் புதுச் சட்டம் வந்தது. பக்தவத்சலம் குடிசைக்குள் உட்காருவார். கூரைமேல் பத்து வாளித் தண்ணீர் ஊற்றுவார்கள். அவர் நனையாவிட்டால்தான் பச்சை. ஆபீஸ்காரர் தலையில் தண்ணீர் ஊற்றும் பாக்கியத்துக்காக ஆட்கள் அடுத்த குடிசையை அவசர அவசரமாக முடித்தார்கள். ஒழுகினால் அவிழ்த்துக் கட்ட வேண்டியவர்களும் அவர்களே என்பதால் ஒழுகவிடவும் மனம் வரவில்லை.

கப்பல் வந்த காலையில் பத்தொன்பது பச்சை. தன்னுடையதைப் பக்தவத்சலம் கடைசியில் வைத்திருந்தார். அதற்குச் சுவர் இருந்தது, கூரை இல்லை.

அலமு டிரங்குப் பெட்டியைக் கீழே வைக்காமலே கேட்டாள்: "வீடு ஆச்சாங்க?"

"ஹோ ஜாயேகா."

"கப்பல் பூரா பஞ்சாபிப் பொம்பளைங்களோட வந்திருக்கேன். இன்னும் ஆகலைன்னு தமிழ்லயே சொல்லுங்க."

பக்கத்தில் நின்ற வியாகுலம் சிரிப்பை அடக்க முடியாமல் வாளிக் கதையைச் சொன்னார். அலமு சிரிக்கவில்லை. "திரும்பிப் போற கப்பல் எப்போ?" என்றாள்.

"நாலு நாள்ல" என்றார் பக்தவத்சலம்.

"அதுக்குள்ள முடிங்க. வாளி நான் ஊத்தறேன்."

மூன்றாம் நாள் அவள் பத்துக்குப் பதில் இருபது வாளி ஊற்றினாள். ஒழுகவில்லை. பெட்டியைத் திறந்து சாமான்களை எடுத்துவைத்தாள்.

சொக்கலிங்கம் ஓய்வு பெற்றுக் காரைக்குடிக்குப் போனார். வியாகுலம் வடக்கே லாங் ஐலண்ட் என்ற தீவுக்கு மாற்றலாகி அங்கேயே இறந்தார். ஹல்தார் மளிகைக் கடை வைத்தார். பக்தவத்சலமும் அலமுவும் இருபதாவது குடிசையில் பதினோரு வருஷம் இருந்துவிட்டு போர்ட் பிளேர் பக்கம் வண்டூருக்குக் குடிபோனார்கள். சுவரிலிருந்த அட்டையைக் கரையான் தின்றுவிட்டது.