சிவப்புச் சீட்டு ஒட்டிய நாற்காலி

சிக்கனம் பண்ணச் சொல்லி மேலிடத்து உத்தரவு வந்த அன்று இயக்குநர் காட்டிய உற்சாகத்தைப் பார்த்தவர்கள், மனிதருக்குப் பதவி உயர்வுதான் வந்துவிட்டது என்று நினைத்தார்கள். அடுத்தவன் வயிற்றில் அடிப்பது என்றால் சிலருக்கு அப்படி ஒரு சுறுசுறுப்பு. அன்று மாலைக்குள் ஊழியர்களின் தேநீர் நின்றது. மறுநாள் கழிப்பறைச் சோப்பு போனது. அதற்கும் மறுநாள் ஒன்றுவிட்டு ஒரு மின்விசிறியைக் கழற்றினார்கள். கூட்ட அறையின் ஏசியை இயக்குநர் தம் திருக்கரத்தாலேயே அணைத்தார். அணைக்கும்போது படமும் எடுக்கச் சொன்னார்.

அவருடைய இரண்டு கார்களுக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. ஒன்று அவர் போய்வர, இன்னொன்று அவர் மனைவி தையல்காரரிடம் போய்வர. வீட்டு ஏசிக்கான மின்கட்டணத்தையும் அலுவலகம்தான் கட்டியது. இதெல்லாம் பதவிக்கு உரிய கௌரவம், சலுகை என்பது கீழே இருப்பவர்கள் வாங்குவது என்பது அவர் கட்சி. கண்ணாடி முன்னால் நின்றுகூட அவரால் சிரிக்காமல் இதைச் சொல்ல முடியும்.

அந்த உற்சாகத்தில்தான் நாற்காலித் திட்டம் அவர் மூளையில் உதித்தது. ஒரு வாரம் முழுக்க ஆள் உட்காராத நாற்காலி எதுவோ, அந்த வேலை அரசாங்கத்துக்குத் தேவையில்லை, ரத்து. தினமும் சொல்லாமல் கொள்ளாமல் ஒருவர் போய்க் காலி நாற்காலிகளின் முதுகில் சிவப்புச் சீட்டு ஒட்டிவிட்டு வருவார். வேலை நேரத்தில் ஊர் சுற்றுகிறவர்கள் எல்லாரும் கூண்டோடு மாட்டுவார்கள் என்று இயக்குநர் மனப்பால் குடித்தார். ஊழியர்கள் என்ன காதில் பூ வைத்தவர்களா? முதல் நாளே விஷயம் கசிந்துவிட்டது. காய்ச்சல்காரர்கள்கூடப் போர்வையோடு வந்து உட்கார்ந்தார்கள். வாரக் கடைசியில் வரிசையாகச் சீட்டு வாங்கியிருந்தது ஒரே ஒரு நாற்காலி. மூன்றாம் மாடி வராந்தாவில் இருந்த பியூனின் நாற்காலி.

பியூன் எப்படி அங்கே இருப்பார்? அவர்தான் பல வருடமாக இயக்குநர் வீட்டில் இருக்கிறாரே! சம்பளம் அரசாங்கத்துடையது, உழைப்பு இயக்குநர் வீட்டுக்கு. காய்கறி வாங்குவது, துணி காயப்போடுவது, காரைக் கழுவுவது என்று எல்லாம் அவர் தலையில். எல்லாவற்றுக்கும் மேல், பக்கவாதம் வந்து உள்ளறையில் படுத்த படுக்கையாகிவிட்ட இயக்குநரின் அம்மாவைத் தூக்கி உட்கார வைப்பது, துடைப்பது, ஊட்டுவது. அந்த அம்மாள் அவரைச் 'சின்னவனே' என்றுதான் கூப்பிடுவாள். பெற்ற மகனோ அறை வாசலில் நின்று, "எப்படிம்மா இருக்கு?" என்று கேட்பார், பதில் வருவதற்குள் நகர்ந்துவிடுவார். உள்ளே போனால் அவர் மூக்குக்கு ஆகாது. பியூனைக் கூப்பிட அலுவலக மேசை மணி ஒன்றை வீட்டுக்கே கொண்டுவந்து வைத்திருந்தார், அதையும் சொல்லிவிட வேண்டும்.

இதையெல்லாம் பியூன் பொறுத்துக்கொண்டது மனைவிக்காக. அவளுக்கு இரண்டு சிறுநீரகமும் பழுது. ஊழியர்களுக்கான மருத்துவ அட்டையைக் காட்டித்தான் வாராவாரம் ரத்தச் சுத்திகரிப்பு நடந்தது. வேலை போனால் அட்டை போகும். அட்டை போனால் அவள் பிழைக்கமாட்டாள். இது இயக்குநருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் தைரியமாக மணியை அடித்துக்கொண்டிருந்தார்.

அலுவலகத்தின் கண்காணிப்பாளர் அம்மா இரண்டு முறை அவரிடம் வந்து, "சார், அந்த மூணாவது மாடி நாற்காலி..." என்று இழுத்தார். இரண்டு முறையும் இயக்குநர் கையை உயர்த்தி, "விதின்னா விதிதாம்மா, யாருக்கும் சலுகை கிடையாது" என்று சொல்லிவிட்டு, நீட்டிய தாளில் படிக்காமலே கையெழுத்துப் போட்டார். அந்த அம்மாவும் சரி, தலைவிதி என்று விட்டுவிட்டார். யாருடைய தலைவிதி என்று சொல்லவில்லை.

சனிக்கிழமை பிற்பகல் நிதித்துறை அதிகாரி பட்டியலைச் சரிபார்க்க வந்தார். கூட்ட அறையில் ஏசி இல்லாததால் கூட்டம் இயக்குநர் வீட்டில். குளுகுளு கூடத்தில், சோபாவில் சாய்ந்தபடி சிக்கனத்தைப் பற்றிப் பேசினார்கள். கண்காணிப்பாளர் அம்மா பட்டியலை வாசித்தார்.

"மூணாவது மாடி, பியூன் ஒருத்தர். வாரம் பூரா நாற்காலி காலி சார்."

பியூன் அப்போதுதான் காபித் தட்டோடு கூடத்துக்குள் நுழைந்தார். காதில் விழுந்தது. நின்றுவிட்டார்.

"வாரம் பூராவுமா? ஆளு எங்கதான் போறாரு?" என்றார் நிதி அதிகாரி.

இயக்குநர் மனதுக்குள் கணக்குப் போட்டார். உண்மையைச் சொன்னால் பியூனின் வேலை தப்பும், ஆனால் தம்முடைய மானம் போகும். மானமா, அடுத்தவன் பெண்டாட்டியின் உயிரா என்று வந்தபோது மனிதர் ஒரு நொடிகூடத் திணறவில்லை. எங்கே போகப் போகிறான், இங்கேயேதான் கிடப்பான், மாதம் ஏதோ கையில் கொடுத்தால் போச்சு. அட்டை இல்லாவிட்டால் என்ன, ஊரில் ஆஸ்பத்திரிக்கா பஞ்சம்? இப்படி நினைக்கவும் ஒரு நெஞ்சு வேண்டும். அவருக்கு இருந்தது.

"அப்படி ஒரு ஆளை நான் பார்த்ததே இல்ல சார்" என்றார். "தாராளமா எடுத்துடலாம்."

அதைச் சொன்ன வாய்க்கு நேராகத்தான் பியூன் காபிக் கோப்பையை நீட்டிக்கொண்டிருந்தார். கோப்பை ஆடவில்லை. இயக்குநர் அவர் முகத்தைப் பார்க்காமல் வாங்கிக்கொண்டார்.

நிதி அதிகாரி ஒரு பிஸ்கட்டைக் கடித்தபடி, "காபி பிரமாதம். இவர் யாரு?" என்றார்.

"இவனா? நமக்குச் சொந்தம் சார். தூரத்துச் சொந்தம். தம்பி முறை ஆகணும்."

பியூன் தட்டை மேசைமேல் வைத்தார். மிச்சமிருந்த ஒரு கோப்பையை, அதாவது இயக்குநரின் மனைவிக்கென்று கொண்டுவந்ததை, கையில் எடுத்துக்கொண்டார். பிறகு நேராக வந்து சோபாவில், இயக்குநரின் தோளோடு தோள் இடிக்க உட்கார்ந்தார்.

"ஆமாங்க சார், அண்ணன் என்னைக் கண்ணுக்குள்ள வச்சுப் பாத்துக்கிறாரு" என்றார். உள்பக்கம் திரும்பி, "அண்ணி! அந்த மொறுமொறுன்னு இருக்குமே, அந்த பிஸ்கட் இருந்தா கொஞ்சம் எடுத்துட்டு வாங்க" என்று குரல் கொடுத்தார்.

கதவருகே வந்த இயக்குநரின் மனைவி அப்படியே வாயைப் பிளந்தபடி நின்றாள். யார் அண்ணி, எவனுக்கு அண்ணி என்று கேட்கத் துடித்த உதடுகளைக் கணவரின் கெஞ்சும் கண்கள் அடக்கின. போய் பிஸ்கட் எடுத்துவந்தாள்.

"தம்பி என்ன பண்றீங்க?" நிதி அதிகாரிக்குச் சுவாரஸ்யம் தட்டியது.

"வேலை போயிடுச்சு சார்."

"அடடா. எப்போ?"

"இப்பதான் சார். காபி ஆறுறதுக்குள்ள." பியூன் ஒரு மிடறு குடித்தார். "அந்த மூணாவது மாடி நாற்காலி என்னுதுதான். என் பெண்டாட்டி உசிரு அந்த வேலையிலதான் சார் ஒட்டிக்கிட்டு இருக்கு. நான் எங்க போறேன்னு கேட்டீங்களே, எங்கயும் போகல. இங்கதான் இருக்கேன். கொல்லைப்புறத்துல காயுதே, அண்ணனோட உள்பனியன், அதை நான்தான் துவைச்சேன்."

ஏசி அரசாங்கச் செலவில் உறுமிக்கொண்டிருந்தது.

இயக்குநர் நிதி அதிகாரியின் முகத்தைப் பார்த்தார். இனி அவ்வளவுதான், மானம் கப்பலேறிவிட்டது என்று நினைத்தார். ஆனால் நிதி அதிகாரியின் முகத்தில் கோபத்தைக் காணோம். வேறு ஏதோ ஒரு சங்கடம் ஓடியது. அவர் வீட்டுத் தோட்டத்தில் இந்நேரம் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த இரண்டு பேரின் நாற்காலிகளும் ஏதோ ஒரு மாடியில் காலியாகத்தான் கிடந்தன. ஒரே குட்டையில் ஊறிய மட்டைகளுக்குள் என்ன விசாரணை வேண்டியிருக்கிறது?

"ஹும்" என்று தொண்டையைச் செருமினார். "சீட்டைத் தப்பா ஒட்டிட்டாங்க போல. இதெல்லாம் சகஜம். அந்த வரியை அடிச்சிடுங்கம்மா."

கண்காணிப்பாளர் அம்மா அடித்தார். அடித்துவிட்டுப் பேனாவை மூடாமல், பால் வடியும் முகத்தோடு கேட்டார்.

"சரி சார். அப்ப திங்கக்கிழமைலேர்ந்து அவர் அந்த நாற்காலியில இருப்பாருன்னு எழுதிக்கட்டுமா? இல்லேன்னா அடுத்த வாரமும் சீட்டு ஒட்டுவாங்களே. டைரக்டர் சாரோட விதி சார் அது."

நிதி அதிகாரி அவசரமாக, "எழுதுங்க, எழுதுங்க" என்றார். இயக்குநர் வாயைத் திறந்தார். தாமே போட்ட விதி தொண்டையில் முள்ளாகச் சிக்கியிருந்தது. தலையை மட்டும் ஆட்டினார்.

விருந்தினர்கள் இருவரும் கிளம்பிப் போனார்கள். பியூன் சாவகாசமாகக் காபியை முடித்து, கோப்பையைச் சோபாவின் கைப்பிடிமேல் வைத்தார். பல வருடங்களில் முதல் முறையாக அந்த வீட்டில் ஒரு எச்சில் கோப்பையைக் கழுவாமல் எழுந்தார். வாசலில் செருப்பை மாட்டும்போதுதான் முகம் கொஞ்சம் மாறியது. உள்ளறைப் பக்கம் ஒரு தடவை பார்த்தார்.

"அம்மாவை அப்பப்பத் திருப்பிப் படுக்க வைக்கணும். இல்லேன்னா முதுகு புண்ணாயிடும். கஞ்சியை ஆத்திக் குடுங்க, சூடு தாங்கமாட்டாங்க. வர்றேண்ணே."

இயக்குநர் தொப்பென்று சோபாவில் விழுந்தார். 'திமிர் பிடித்தவன், நன்றி கெட்டவன்' என்றெல்லாம் மனதுக்குள் வைதார். நன்றியைப் பற்றி நினைக்க இவருக்கு என்ன யோக்கியதை இருக்கிறது என்று கேட்க அங்கே யாரும் இல்லை. தாகமாக இருந்தது. பழக்கதோஷத்தில் கை மேசை மணியை அடித்தது.

"யாரைக் கூப்பிடுறீங்க?" சமையலறையிலிருந்து மனைவி சீறினாள். "உங்க தம்பியையா?"

அப்போது உள்ளறையிலிருந்து முனகல் கேட்டது. மனைவி வரவில்லை. பாத்திரத்தை டமாரென்று வைக்கும் சத்தம்தான் வந்தது. இயக்குநர் எழுந்து போய், வழக்கம்போல் வாசலில் நின்றார். இன்று நகர்ந்துவிட முடியவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனார். அம்மாவின் தோளுக்கடியில் கையைக் கொடுத்தார். எங்கே பிடிப்பது, எப்படித் தூக்குவது என்று அவருக்குத் தெரியவில்லை. பிடித்த பிடியில் அம்மாவுக்கு வலித்தது.

அம்மாள் கண்ணைத் திறந்து, தன்மேல் குனிந்திருந்த முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். யாரென்று அடையாளம் தெரிந்துதான் சொன்னாள்.

"நீ வேணாம்ப்பா. சின்னவனை வரச் சொல்லு."