மீந்த லில்லித் தொட்டிகள்

ஈஸ்டர் ஆராதனை முடிந்ததும், இறந்தவர்களின் நினைவாகப் பீடத்தின் முன் அடுக்கி வைத்த லில்லித் தொட்டிகளை அவரவர் குடும்பத்தார் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். மீந்தவை எனக்கு. அதாவது, சர்ச்சுக்கு வர முடியாமல் வீட்டோடு கிடப்பவர்களிடம் கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலை எனக்கு. ஒன்பது வருடமாகச் செய்கிறேன். வேன் வைத்திருக்கிறேன் என்பதைத் தவிர இந்தப் பதவிக்கு வேறு தகுதி எதையும் யாரும் கேட்கவில்லை.

அந்த வருடம் பதினொன்று மீந்தன. கடைசித் தொட்டி ஆர்லனுக்கு. லாரி ஓட்டி ஓய்வுபெற்றவன். நுரையீரல் கெட்டு, மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு ஜன்னலோர நாற்காலியிலேயே வாழ்பவன். மனைவி போய்ச் சேர்ந்த பிறகு அவனுக்கென்று மிஞ்சியது கர்னல் என்கிற பன்னிரண்டு வயது மஞ்சள் பூனை மட்டும்தான்.

"யோவ் வெண்டல், இது எதுக்குய்யா? சாவு வீட்டு வாசனை அடிக்குது. எடுத்துட்டுப் போ."

"லிஸ்ட்ல உன் பேர் இருக்கு."

"அடிச்சிடு."

"அடிச்சா கமிட்டிக்கு நான் விளக்கம் சொல்லணும். அதுக்கு நீயே மோந்து தொலை."

உண்மையில், உறைந்து கிடந்த படிகளில் அதை மறுபடி இறக்கிக்கொண்டு போக எனக்குச் சோம்பல். தொட்டியை ஜன்னல் விளிம்பில் வைத்தேன். கர்னல் உடனே எழுந்து வந்து மூக்கை நீட்டினான்.

"பாரு, உன்னைவிட அவனுக்கு பக்தி ஜாஸ்தி" என்றேன். பட்டியலில் பதினோராவது டிக்கையும் போட்டேன். முழுப் பட்டியலிலும் டிக் விழுந்தால் எனக்கு ஒரு நிம்மதி. இப்படிப்பட்ட மனிதர்களை எந்தக் கமிட்டியும் விடாது.

சாயங்காலம் ஆர்லன் போன் செய்தான்.

"உன் பூவை மென்னுட்டு கர்னல் கம்பளத்துல ரெண்டு தரம் வாந்தி எடுத்துட்டான். சமையல் சரியில்லைன்னு பாஸ்டர்கிட்ட சொல்லிடு."

"நாப்பது நாள் விரதம் இருந்தவன், அவசரப்பட்டுத் தின்னிருப்பான்" என்றேன்.

இருவரும் சிரித்தோம். அவன் சிரிப்பு வழக்கம்போல இருமலில் முடிந்தது. திங்கட்கிழமை நானே கூப்பிட்டுக் கேட்டேன். வாந்தி நின்றுவிட்டது, தூங்குகிறான் என்றான். நல்லது என்று சொல்லிவிட்டு, மீந்துபோன ஈஸ்டர் பன்றிக்கறியைச் சூடு பண்ணப் போனேன்.

செவ்வாய் காலை அவன் குரலில் கிண்டல் இல்லை.

"வெண்டல், கட்டிலுக்கு அடியில போய்ப் படுத்துக்கிட்டான். கூப்பிட்டா வரமாட்டேங்கிறான். அவன் ஒண்ணுக்குப் போற மண்தட்டு நேத்துலேர்ந்து காய்ஞ்சு கிடக்குது."

மிருக வைத்தியர் நாற்பது மைல் தள்ளி இருந்தார். ஆர்லனின் சிலிண்டர் போய்த் திரும்பும் வரைக்கும் தாங்காது. நான் மட்டும் போனேன். பக்கத்து இருக்கையில் கூடைக்குள் இருந்த கர்னல் வழிநெடுக ஒரு சத்தமும் போடவில்லை. வேனில் ஏற்றினால் ஊரையே கூட்டுகிற பூனை அது. அந்த அமைதியைத் தாங்க முடியாமல் நான் பேசிக்கொண்டே ஓட்டினேன். வானிலை, கோதுமை விலை, என் முட்டி வலி. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டான்.

வைத்தியர் சின்ன வயதுப் பெண். ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, "வீட்ல லில்லி இருக்குதாங்க?" என்று கேட்டார்.

"ஒரு தொட்டி. கொஞ்சூண்டு மென்னிருக்கான், அவ்வளவுதான்."

"கொஞ்சூண்டே போதுங்க. இலை, பூ, தொட்டித் தண்ணி, எல்லாமே பூனைக்கு விஷம். மகரந்தம் மேல பட்டு, அதை நக்கினாலே சிறுநீரகம் போயிடும்."

"வாந்தி நின்னுடுச்சேம்மா. திங்கக்கிழமை நல்லாத்தான் இருந்தான்."

"அப்படித்தான் தெரியும். ஞாயித்துக்கிழமை வாந்தி எடுத்தப்பவே வந்திருந்தா டிரிப்ஸ் போட்டுப் பார்த்திருக்கலாம். இப்போ ரெண்டு சிறுநீரகமும் நின்னுடுச்சு." கொஞ்சம் நிறுத்தி, "தொட்டியில அட்டை இருந்திருக்குமே? பூனைப் படம், குறுக்கே சிவப்புக் கோடு?" என்றார்.

இருந்தது. சனிக்கிழமை நாற்பத்திரண்டு தொட்டிக்கும் தங்கக் காகிதம் சுற்றியபோது, அழகைக் கெடுக்கிறது என்று நாற்பத்திரண்டு அட்டையையும் பிடுங்கிப் போட்டவன் நான்தான். பூனைப் படத்தைப் பார்க்கவும் செய்தேன். நாற்றுப்பண்ணையின் முத்திரை என்று நினைத்துக்கொண்டேன்.

அங்கேயே நின்று மற்றப் பத்து வீடுகளுக்கும் போன் போட்டேன். ஒரே ஒரு வீட்டில் பூனை இருந்தது. அந்த அம்மாளுக்கு லில்லி ஆகாதாம், நான் தலை மறைந்ததுமே குப்பையில் போட்டுவிட்டாராம். மன்னிப்பு வேறு கேட்டார். வீட்டுக்கு எடுத்துப் போன மற்றவர்களுக்குச் சொல்லச் சொல்லி சர்ச் அலுவலகத்துக்கும் கூப்பிட்டேன். கடைசியாக ஆர்லனை.

"இன்னும் ரெண்டு நாள் இழுக்கலாமாம். ரொம்பக் கஷ்டப்படுவானாம். இல்லன்னா இப்பவே ஊசி போட்டுடலாமாம்."

குழாயில் காற்று வரும் சத்தத்துக்கு நடுவே கேட்டான்.

"நீ பக்கத்துல இருப்பியா?"

"இருப்பேன்."

"அப்போ போடச் சொல்லு." வைத்துவிட்டான்.

கர்னலைத் துண்டில் சுற்றி என் மடியில் வைத்தார்கள். கண்ணைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. முடிந்தது எப்போது என்று எனக்குத் தெரியவில்லை. அந்தப் பெண் என் தோளைத் தொட்டபோதுதான் புரிந்தது.

திரும்பிப் போனபோது ஆர்லன் அதே நாற்காலியில் இருந்தான். லில்லியை வாசல் பனியில் எறிந்திருந்தான். அந்தக் குழாயோடு எப்படி நடந்தான் என்று கேட்கவில்லை.

"அட்டையைப் பிடுங்கினது நான்தான், ஆர்லன். பூனைப் படம் போட்டிருந்துச்சு. பார்த்தேன். புரியல."

"எடுத்துட்டுப் போன்னு சொன்னேன்" என்றான். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருக்கலாம்.

"வேற ஒண்ணு எடுத்து வளர்க்கலாம், நானே..."

"எனக்கு அப்புறம் அதை யாருய்யா பார்ப்பா? நீயா?"

கூடையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தேன்.

"கடைசியில எப்படி இருந்தான்?"

"பழையபடியேதான். துண்டுல சுத்தினதும் என்னைப் பிறாண்டிட்டான் கழுதை."

"காட்டு."

கூடையைக் கீழே வைத்துவிட்டு வலது கையை நீட்டினேன். அதைப் பிடித்து, வெளிச்சத்தின் பக்கம் திருப்பி, விரல் விரலாகப் பார்த்தான். ஒரு கீறலும் இல்லை. கையை விடாமலே என் முகத்தைப் பார்த்தான். நான் இடது கையையும் நீட்டினேன்.